தங்கை மாப்பிள்ளையை மட்டும் மாற்றிவிட்டீர்களே!

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் பிரஸ் ஷாப் லைன் இன்சார்ஜாக இருக்கிறேன். போன வாரம், கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரை பைபாஸ் செய்து (வேலை செய்யாதபடி விலக்கி) ஓட்டிய மெஷினில், கான்ட்ராக்ட் பையன் ஒருவனின் கையுறை நுனி, தகட்டை அழுத்தும் அச்சான டையில் மாட்டிக் கிழிந்தது. விரல் தப்பியது. 'இது மறுபடியும் நடக்கலாம்' என்று மேனேஜருக்கு ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுத வேண்டும். 'மே', 'மைட்', 'குட்' இதில் எதைப் போட்டால் அவர் கோபப்படமாட்டார்? என் தங்கை மாப்பிள்ளையும் அதே லைன்தான். அவரை மட்டும் வேறு மெஷினுக்கு மாற்றிவிட்டேன்.
- வாசகர், பாலக்கோடு

பதில்: தம்பி, இலக்கணத்தை முதலில் முடித்துவிடுவோம். 'இட் மே ஹேப்பன் அகெய்ன்', 'இட் குட் ஹேப்பன் அகெய்ன்' இரண்டுமே சரி. 'மைட்' கொஞ்சம் தயங்கிச் சொல்லும். பலரும் எழுதுகிற 'மே பி ஹேப்பன்' தப்பு. 'குட் ஹேவ் ஹேப்பண்ட்' என்று எழுதினால் நடந்திருக்கக்கூடும், நடக்கவில்லை என்று விஷயமே மாறிவிடும். நடக்க நிறைய வாய்ப்பிருந்தால் 'இட் இஸ் லைக்லி டு ஹேப்பன் அகெய்ன்'.

சரி, உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். தங்கை மாப்பிள்ளையை ஏன் மாற்றினீர்கள்? தங்கையின் தாலி கண் முன்னால் வந்தது, மாற்றினீர்கள். உறவைக் காப்பது கடமைதான், அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் நின்ற இடம் காலியாகவா இருக்கிறது? அங்கே இன்று யாரை நிறுத்தியிருக்கிறீர்கள்? ராயக்கோட்டையிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ பஸ் ஏறி வருகிற யாரோ ஒருவர் பிள்ளை. அவனுக்கும் வீட்டில் ஒரு அம்மா காத்திருக்கிறாள். உங்கள் ஷிஃப்டில் நிற்கிற வரைக்கும் அவன் கைக்கு நீங்கள்தான் பொறுப்பு.

அது மறுபடி நடக்கும் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாதவர் மாப்பிள்ளையை மாற்றியிருக்கமாட்டார். வீட்டாரிடம் 'நடக்கும்', மேனேஜரிடம் 'நடக்கலாம்'! எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அவர் மனம் நோகாத வார்த்தையைத் தேடுகிறீர்களே, அந்தப் பையனுக்கு விரல் போனால் எந்த வார்த்தையை வைத்து ஒட்டுவீர்கள்?

ஆகவே இப்படி எழுதுங்கள்: 'திஸ் வில் ஹேப்பன் அகெய்ன் அன்லெஸ் த சென்சார் இஸ் ரெஸ்டோர்ட்.' சென்சாரைப் பழையபடி இயக்காவிட்டால் இது மறுபடி நடக்கும் என்று பொருள். மெஷின் நம்பர், தேதி, ஷிஃப்ட், பைபாஸ் செய்யச் சொன்னது யார், எல்லாம் அதில் இருக்கட்டும். சொன்னது நீங்களே என்றால் அதையும் எழுதுங்கள். கிழிந்த கையுறையைப் படம் எடுத்துச் சேருங்கள். ஆபத்தான பாகம் ஓடும்போது தடுப்பு இருந்தே ஆகவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சொல்லியிருந்தார்கள். நீங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை, பயப்படாதீர்கள்.

அப்புறம், பதில் வரும்வரை காத்திருக்காதீர்கள். இன்று ராத்திரி ஷிஃப்டுக்கு அந்த மெஷினை நிறுத்திவிட்டு, ரிப்போர்ட்டை அனுப்புங்கள். டார்கெட் குறைந்ததென்று திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.