200 வருட ஓவியம் என்று சொல்லி விற்றார்கள்

கேள்வி: உதய்ப்பூர் சுற்றுலாவில், ராஜா யானை மேல் ஊர்வலம் போகும் சிற்றோவியம் ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். "200 வருடப் பழசு, மேவார் அரண்மனைப் படம்" என்றார் கடைக்காரர். தாளின் பின்பக்கம் உருது எழுத்தும் முத்திரையும் இருக்கின்றன. பில்லில் 'கைவினைப் பொருள்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு இதை அனுப்பலாமா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் படம் புதியது என்றே தோன்றுகிறது. பழைய முத்திரைத்தாளையும் கணக்கு ஏட்டையும் தேடிப்பிடித்து அதன் மேல் வரைவது ராஜஸ்தானில் சகஜம். அதில் தவறே இல்லை. தாளின் வயதைப் படத்தின் வயதாகச் சொல்லி விற்பதுதான் மோசடி. மேவார் அரண்மனைப் படங்களின் பின்பக்கத்தில் படத்தில் இருப்பவர் யார், என்ன நிகழ்ச்சி என்று பெரும்பாலும் நாகரி எழுத்தில் குறித்திருப்பார்கள். சிலவற்றில் அரண்மனை இருப்புக் கணக்கின் எண்ணும் உண்டு. படத்துக்குச் சம்பந்தமில்லாத உருதுப் பத்திரம் அங்கே எப்படி வரும்?

சரி, கடைக்காரர் சொன்னது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது சிக்கல் இன்னும் பெரிது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூறு வருடத்துக்குக் குறையாத ஓவியம் தொல்பொருள். அதை விற்கும் கடைக்கு உரிமம் வேண்டும், படத்துக்குத் தொல்லியல் துறையின் பதிவுச் சான்றிதழ் வேண்டும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. அதனால் இந்திய தொல்லியல் துறையிடம் காட்டி, 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் வாங்கிய பிறகே மகளுக்கு அனுப்புங்கள்.

அதற்கு முன் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப்படம். யானையின் சுருக்கங்களும் தலைப்பாகை மடிப்பும் தனித்தனித் தூரிகைக் கோடுகளாக, ஒன்றன் மேல் ஒன்றாக ஏறியிருந்தால் கையால் வரைந்தது. அப்படியானால் என் யோசனை, படத்தை வைத்துக்கொள்ளுங்கள். நுணுக்கமான ஒரு படத்துக்கு ஓவியர் வாரக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும், அந்த உழைப்புக்கு இந்த விலை அநியாயம் இல்லை.

பணம் திரும்ப வேண்டுமென்றால், பதிவுச் சான்றிதழ் கேட்டுக் கடைக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். பில்லில் வயது இல்லாததால் அவர்கள் அனுப்பும் பதில்தான் உங்கள் ஆதாரம். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், உதய்ப்பூர் போக வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.