டியூப் விலை கேட்கிறோம், ஃபில்டரைக் கேட்கிறோமா?

கேள்வி: உடுமலை பக்கம் மூன்று ஏக்கர் தென்னை, எனக்கு இருக்கிற நிலமே அவ்வளவுதான். கிணறும் போரும் உண்டு. இதுவரை வாய்க்கால் பாசனம். மானியத்துக்கு மனு போட்டால் இழுத்தடிக்கும், நாளைக்கே பாதி விலையில் சொட்டு நீர் போட்டுத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: வேண்டாம். ஐந்து ஏக்கருக்குள் இருப்பதால் நீங்கள் சிறு விவசாயி. தமிழ்நாட்டில் உங்களுக்கு 100 சதவீத மானியம் உண்டு (மற்றவர்களுக்கு 75). தாசில்தாரிடம் சிறு விவசாயி சான்று வாங்கி, சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கி பாஸ்புக்கோடு வட்டார வேளாண் அலுவலகத்துக்குப் போங்கள். நூறு சதவீதம் என்பது, இவ்வளவுதான் என்று அரசு வைத்திருக்கும் அலகுத் தொகைக்குள்தான். அதற்கு மேல் கேட்டால், எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஒரு முறை மானியம் வாங்கிவிட்டால் அதே நிலத்துக்கு மறுபடி கேட்க ஏழு வருடம் ஆகும். அதனால் முதல் தடவையே சரியாகப் போட வேண்டும்.

பாதி விலை டியூப் பெரும்பாலும் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்தது. வெயிலில் சீக்கிரம் வெடித்துவிடும். லேட்டரல் டியூப்பின் (மர வரிசையோரம் ஓடும் சிறு குழாய்) மேல் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 12786 என்ற எண்ணும் அச்சாகியிருக்கிறதா என்று ரோலைப் பிரித்துப் பாருங்கள்.

ஆனால் டியூப்பை விட முக்கியம் ஃபில்டர். அது சரியில்லை என்றால் டிரிப்பர் (தண்ணீர் சொட்டும் முனை) அடைத்துவிடும். மீட்டர் என்ன விலை என்று பேரம் பேசுகிற நாம் இதை மட்டும் கேட்பதே இல்லை. கிணற்றுத் தண்ணீரில் பாசி வரும், அதற்கு சாண்ட் ஃபில்டர். போரில் மணல் வந்தால், தண்ணீரைச் சுழற்றி மணலைப் பிரிக்கும் ஹைட்ரோ சைக்ளோன். இவற்றுக்குப் பிறகுதான் ஸ்கிரீன் அல்லது டிஸ்க் ஃபில்டர். கொட்டேஷனில் ஸ்கிரீன் ஃபில்டர் மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் டிரிப்பரில் சுண்ணாம்பு படியும், அவ்வப்போது ஆசிட் விட்டுக் கழுவ வேண்டிவரும்.

அடுத்தது மோட்டார். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம். மணிக்கு 8 லிட்டர் விடும் டிரிப்பர் மரத்துக்கு நான்கு என்றால், மூன்று ஏக்கருக்கும் சேர்த்து மணிக்கு சுமார் 6,700 லிட்டர் வேண்டும். 200 லிட்டர் டிரம் வைத்துப் பிடியுங்கள். நிறைய இரண்டு நிமிடம் ஆனால் மணிக்கு 6,000 லிட்டர்தான், மூன்று ஏக்கரையும் ஒன்றாகப் பாய்ச்ச முடியாது. திறந்த குழாயில் வருவதை விட ஃபில்டர் தாண்டி வருவது இன்னும் குறைவு. தோட்டத்தை வால்வு போட்டுப் பிரித்து, முறை வைத்துப் பாய்ச்சும்படி வரைபடம் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: தென்னைக்கு சொட்டு நீர் போட்டு ஒரு வருடம் ஆகிறது. மானியம் போக 40,000 ரூபாய் நானும் கட்டினேன். கடைசி வரிசை மரங்களுக்குத் தண்ணீர் சரியாகப் போகவில்லை. மோட்டார் பலம் போதாது என்று கை கழுவுகிறார்கள். என்ன செய்ய?

பதில்: முதலில் அளந்து பாருங்கள். 8 லிட்டர் டிரிப்பரில் நிமிடத்துக்கு 130 மில்லி அளவு விழ வேண்டும். முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் பிடித்துக் குறித்துவையுங்கள். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் பிரஷரைப் பாருங்கள். வித்தியாசம் அதிகமாக இருந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. அதைக் கழுவி, டியூப்பின் கடைசி மூடியை (எண்ட் கேப்) கழற்றி டியூப்பில் உள்ள அழுக்கை வெளியேற்றுங்கள். இது உங்கள் வேலை, நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது.

அப்படியும் கடைசி வரிசையில் குறைந்தால் டிசைன் தவறு. உங்கள் மோட்டாரைப் பார்த்துத்தானே வரைபடம் போட்டிருக்க வேண்டும்? அளவுகளையும் படங்களையும் வைத்து பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள், நகலை வேளாண் அலுவலகத்துக்கும் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம், அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். விவசாயியும் நுகர்வோர்தான் என்று விதை வழக்கு ஒன்றில் 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அந்த 40,000-க்கு ரசீது இருக்கிறதா? இல்லையென்றால் புகாருக்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள், வழக்கு நிற்பதே அதை வைத்துத்தான்.