மென்னோனைட் கல்லூரியில் அமைதி நிகழ்ச்சிகளால் படிப்பு கெடுமா?

மகளுக்கு அமெரிக்காவில் ஒரு மென்னோனைட் கல்லூரியில், அதாவது போரையும் ஆயுதத்தையும் மறுக்கும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினரின் கல்லூரியில், இடம் கிடைத்திருக்கிறது. அங்கே வருடம் முழுக்க அமைதி என்று கண்காட்சி, நாடகம், சொற்பொழிவு நடக்கிறதே, படிப்பு கெடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சொந்தக்காரர் யாரோ கிளப்பிவிட்டிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

நான் வர்ஜீனியாவில், ஹாரிசன்பர்க்கில் உள்ள ஈஸ்டர்ன் மென்னோனைட் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தவன். அப்பா தமிழ்நாடு போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "அமைதியைப் படிச்சிட்டு என்னடா பண்ணப் போற?" என்று நான் விமானம் ஏறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பட்டமளிப்புக்கு வந்தவரை வளாகத்துச் சிற்பத்திடம் அழைத்துப் போனேன். கலப்பைக் கொழு வடிவம், 16 அடி உயரம். வாஷிங்டன் போலீஸ் திரட்டிய சுமார் 3,000 கைத்துப்பாக்கிகளைப் பற்றவைத்து எஸ்தர் ஆக்ஸ்பர்கர் என்ற சிற்பியும் அவர் மகன் மைக்கேலும் செய்தது. 1997இல் வாஷிங்டனில் நிறுவப்பட்டு, 2017இல் இங்கே வந்தது.

ஆயுத அறையில் கணக்கெடுப்பது போல அப்பா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "இது ரிவால்வர், இது பிஸ்டல்... எல்லாம் நிஜத் துப்பாக்கிடா." அன்று ராத்திரி, தென்மாவட்டத்தில் ஒரு சாதிக் கலவரத்துக்குப் பந்தோபஸ்து போன கதையை முழுதாகச் சொன்னார். அத்தனை வருடத்தில் அம்மாவிடம்கூட அவர் வாய் திறக்காத விஷயம் அது. எந்த வகுப்பும் அப்பாவைப் பேச வைத்திருக்காது.

மதப் பிரசாரம் செய்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் இந்த நிகழ்ச்சிகளை அலங்காரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆயுதம் எடுக்க மாட்டோம் என்றதற்காக நாடு நாடாக இடம்பெயர்ந்தவர்கள் கட்டிய கல்லூரிகள் இவை. கான்சஸில் உள்ள பெத்தேல் கல்லூரியில் 1969இல், வியட்நாமில் செத்த ஒவ்வோர் அமெரிக்க வீரருக்கும் ஒரு முறை என்று மாணவர்கள் நாள்கணக்கில் மணி அடித்தார்கள். ஒஹையோவில் புளஃப்டன் பல்கலைக்கழகம் அமைதிக் கலைக்கென்றே 1987 முதல் ஒரு மையம் நடத்துகிறது, சிறுவர் புத்தகங்களும் அங்கே உண்டு. நான் படித்த துறையில் 2007இல் பட்டம் வாங்கிய லைபீரியாவின் லேமா போவிக்கு 2011இல் அமைதிக்கான நோபல் கிடைத்தது. எல்லோருக்கும் நோபல் கிடைக்கும் என்று நான் சொல்லவரவில்லை, சரியா?

சொற்பொழிவு என்றால் தலையாட்டும் கூட்டம் என்றும் நினைக்காதீர்கள். "ஹிட்லர் வந்தா என்ன செய்வீங்க?" என்று யாராவது எழுந்து கேட்பார்கள், பேச்சாளர் மழுப்பினால் விடமாட்டார்கள். நான் இளங்கலை படித்த ஊர்க் கல்லூரியில் காந்தி ஜெயந்திப் பேச்சுப் போட்டிக்கு ஆசிரியரே எழுதித் தருவார். மனப்பாடம் பிசகாதவனுக்கு எவர்சில்வர் தட்டு. சொந்தமாக எழுதிப் பேசிய என் சிநேகிதியை, "தலைப்பை விட்டு விலகிட்டே" என்று மேடையிலேயே உட்கார வைத்தார்கள். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

மென்னோனைட் கல்லூரிகளுக்கிடையே சி. ஹென்றி ஸ்மித் என்ற மென்னோனைட் வரலாற்றாசிரியர் பெயரில் அமைதிப் பேச்சுப் போட்டி உண்டு. முதல் சுற்று அந்தந்தக் கல்லூரிக்குள்ளேயே நடக்கும். மகளை முதல் வருடமே பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். பேச்சை அவளே எழுதட்டும், நீங்கள் திருத்திக் கொடுக்காதீர்கள்.