டெபியன் தரும் லிப்ரே ஆபிஸ் பழையது என்கிறார்கள், மாற்றவா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் சின்னதாக ஒரு கொமினிகேசன் நடத்துகிறேன். நான்கு கணினியிலும் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளில் கோயில் திருவிழா நோட்டீஸ் அடித்து பீடிஎஃப் ஆக்கினால், சில இடங்களில் கொம்பு எழுத்தை விட்டு விலகி விழுகிறது. லிப்ரே ஆபிஸ்காரர்களிடம் முறையிட்டேன். "உங்களுடையது 7.4, அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது, புதியதில் பாருங்கள்" என்றார்கள். டெபியனில் கேட்டால், இதற்காகப் பதிப்பை மாற்ற மாட்டார்களாம். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: முதலில் ஒரு சங்கதி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கொம்பைத் தனி எழுத்தாக நாமே முன்னால் அடிக்கிறோம், அது தானாக நகராது. ஆகவே நீங்கள் அடிப்பது யூனிகோடு என்றே எடுத்துக்கொள்கிறேன். எழுத்துருவை மாற்றி ஒருதரம் பீடிஎஃப் எடுத்துப் பாருங்கள். அதிலேயே சரியானால் மிச்சத்தை வாசிக்கத் தேவையில்லை.

சரியாகவில்லையா? அப்போ கதை இதுதான். லிப்ரே ஆபிஸ் ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்பு விடுகிறது, ஒவ்வொன்றையும் ஒரு வருடம்கூடப் பராமரிப்பதில்லை. டெபியன் வருவதோ ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. டெபியன் 12 வெளிவந்தது 2023 ஜூன் 10. அதே மாதம்தான் 7.4 தொடரை அதை எழுதியவர்கள் மூட்டை கட்டினார்கள். டெபியனில் வெளியீட்டுக்குச் சில மாதம் முன்பே பதிப்புகளை உறையவைத்துவிடுவார்கள். கொடியேறிக் காப்புக் கட்டியவர் திருவிழா முடியுமட்டும் ஊரெல்லை தாண்டமாட்டார் அல்லவா, அந்த மாதிரி. அதன் பிறகு உள்ளே வருவது பாதுகாப்புத் திருத்தமும் மிக மோசமான பிழைகளுக்கான திருத்தமும்தான். புதிய பதிப்பில் இருந்து அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துப் பழையதில் ஒட்டுப்போட்டுத் தைப்பார்கள்.

டெர்மினலில் ஆப்ட் பாலிசி கட்டளையை லிப்ரே ஆபிஸ் பெயரோடு கொடுத்தால் இதைக் கண்ணாலேயே காணலாம். 7.4.7 என்பதற்குப் பின்னால் டெப்12யூ என்று ஒரு வாலும் அதன் நுனியில் ஓர் எண்ணும் இருக்கும். ஒவ்வொரு தையலுக்கும் அந்த எண் ஒன்று ஏறும். உங்களிடம் இருப்பது ஓட்டை அடைக்கப்பட்ட பழசு. கொம்பு விலகுவது பாதுகாப்பு ஓட்டை இல்லை, அதனால் அதற்குத் தையல் வரப்போவதில்லை.

எழுதியவர்களின் எரிச்சலும் நியாயமானதுதான். எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற திரைக்காப்பு மென்பொருளை எழுதிய ஜேமி சவின்ஸ்கி, தான் எப்போதோ திருத்திய பிழைகளுக்கெல்லாம் டெபியன் பாவனையாளர்கள் தன்னிடமே முறையிடுவதைப் பார்த்துச் சலித்துப்போய், பதிப்பு நாட்பட்டுவிட்டால் திரையில் எச்சரிக்கை காட்டும்படி நிரலிலேயே எழுதிவைத்தார். 2016இல் அது டெபியனில் பெரிய தகராறானது. எச்சரிக்கையை வெட்டிவிடலாமா என்று அங்கே பேச்சு எழ, அப்படியானால் என் மென்பொருளையே தூக்கிவிடுங்கள் என்று கேட்டார். என் மனம் பாதி அவர் பக்கம்.

மற்றப் பாதி டெபியன் பக்கம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் களவாக உள்ளே நுழைய வழிவிடும் பின்கதவு ஒன்று ஒளித்துவைக்கப்பட்டிருந்தது அம்பலமானது. சுடச்சுடப் புதியதை எடுக்கும் டெபியன் சோதனைக் கிளைகளுக்குள் அது வந்துவிட்டது. டெபியன் 12 பழையதிலேயே இருந்ததால் தப்பியது.

ஆகவே நான்கு கணினியின் அடித்தளத்தையும் தொடாதீர்கள். டெபியன் 12க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு, டெபியன் 13க்கு ஆறுதலாக மாறலாம். நோட்டீஸ் அடிக்கும் ஒரேயொரு கணினியில் ஃபிளாட்ஹப் என்ற இணையக் களஞ்சியத்தில் இருந்து லிப்ரே ஆபிஸை ஃபிளாட்பேக்காக, அதாவது அடித்தளத்தோடு கலக்காத தனிப் பொதியாகப் போடுங்கள். பழையதும் பக்கத்திலேயே இருக்கும், ஒன்றையொன்று குழப்பாது. புதிய பதிப்புகளைப் பழைய டெபியனுக்கு ஏற்பக் கட்டித்தரும் பேக்போர்ட்ஸ் வழியாகவும் புதியது எடுக்கலாம், ஆனால் அது பழையதை அகற்றிவிட்டு உட்காரும். திருவிழா நெருக்கத்தில் அந்த வேலை வேண்டாம். ஃபிளாட்பேக் முதல்தரம் இறங்கும்போது துணைப் பொதிகளோடு ஒரு ஜிபியைத் தாண்டலாம். இரவு டேட்டா இருந்தால் படுக்கப்போகும் முன் தட்டிவிடுங்கள்.

ஃபிளாட்பேக் என்றாலும் கட்டியது யார் என்று பாருங்கள். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் தானே கட்டிய ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளின் ஃபிளாட்பேக் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று 2025 தொடக்கத்தில் ஓபிஎஸ்காரர்கள் சட்ட நடவடிக்கை வரை மிரட்டினார்கள். லிப்ரே ஆபிஸுக்கு ஃபிளாட்ஹப்பில் இருப்பது அதன் அறக்கட்டளை பெயரிலேயே வருவது.

அப்புறம், நோட்டீஸ் பைலை நகலெடுத்து, நகலைப் புதியதில் திறந்து பீடிஎஃப் எடுங்கள். கொம்பு ஒழுங்காக நின்றால் வேலை முடிந்தது. அங்கேயும் விலகினால் அந்த ஒரு வரியை மட்டும் தனிப் பைலாக்கி, எழுத்துருவின் பெயரையும் புதிய பதிப்பின் எண்ணையும் சேர்த்து லிப்ரே ஆபிஸ்காரர்களுக்கே அனுப்புங்கள். இந்தத் தடவை "புதியதில் பாருங்கள்" என்று அவர்களால் சொல்ல முடியாது.