மோல் கணக்கு ஏன் புரியமாட்டேன் என்கிறது? வேதியியலில் எதிலிருந்து தொடங்குவது?

"அணு அமைப்பு, தனிம வரிசை அட்டவணை, பிணைப்பு வரை ஓரளவு புரிகிறது. மோல் என்று வந்ததும் எல்லாம் குழம்பிவிடுகிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்துதான் கணக்குப் போடுகிறேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுப்பவன் என்ற முறையில், நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. உங்களுக்கு மூளை போதவில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். வேதியியல் அறிஞர்களே ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் தடுமாறிய இடம் இது. அந்தக் கதையைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

முதலில் சூத்திரங்களை மூடி வையுங்கள். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். அணுக்கள் ஒன்றோடொன்று சேர்வது எண்ணிக்கைக் கணக்கில். நாம் பொருள்களை அளப்பதோ எடைக் கணக்கில். தராசு எத்தனை கிராம் என்று சொல்லும், எத்தனை அணு என்று சொல்லாது. கிராமைக் கொடுத்து எண்ணிக்கையை வாங்கும் வழிதான் மோல்.

ஒரு கணக்கு. 10 கிராம் ஹைட்ரஜனையும் 10 கிராம் ஆக்சிஜனையும் ஒரு கலத்தில் அடைத்து ஒரு பொறி கொடுக்கிறோம். எத்தனை கிராம் நீர் கிடைக்கும்? முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் 20 கிராம் என்பார்கள். எடை அழியாது என்று படித்திருக்கிறோமே! சரிதான், அழியாது. ஆனால் கிடைக்கும் நீர் 11.25 கிராம்தான்.

எப்படி என்று பார்ப்போம். நீர் உண்டாக 2 ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு 1 ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும். ஒரு மோல் ஹைட்ரஜன் மூலக்கூறின் எடை 2 கிராம், ஆக்சிஜன் மூலக்கூறின் எடை 32 கிராம். அப்படியானால் கையில் இருக்கும் ஹைட்ரஜன் 5 மோல். ஆக்சிஜன் வெறும் 0.3125 மோல். எடையில் சரிசமமாகத் தெரிந்த இரண்டும் எண்ணிக்கையில் 16 மடங்கு வேறுபட்டு நிற்கின்றன. அந்தக் கொஞ்ச ஆக்சிஜனுக்கு 0.625 மோல் ஹைட்ரஜன் போதும், அதாவது 1.25 கிராம். ஆக்சிஜன் தீர்ந்ததும் வினை நின்றுவிடும். 8.75 கிராம் ஹைட்ரஜன் சேர ஆளில்லாமல் அப்படியே மிஞ்சும். 11.25-ஐயும் 8.75-ஐயும் கூட்டிப் பாருங்கள், 20 வரும். எடையும் அழியவில்லை. 'லிமிட்டிங் ரியேஜென்ட்' என்று தனிப் பாடமாகப் பயமுறுத்துவது இதைத்தான். எது முதலில் தீருகிறதோ அது விளைபொருளின் அளவை முடிவு செய்கிறது, அவ்வளவுதான்.

இனி அந்தப் பெரிய எண்ணுக்கு வருவோம். டஜன் என்றால் 12, மோல் என்றால் 6.022 × 10²³ என்று சொல்லித் தருவார்கள். அதில் தவறு இல்லை, ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் பாதிதான் சொன்னதாகும். ஏன் இப்படி ஒரு விநோதமான எண், சுருக்கமாக 10²³ என்றே வைத்திருக்கக் கூடாதா என்று ஒரு பிள்ளை கேட்டால் டஜன் உவமையில் பதில் இல்லை. பதில் தனிம வரிசை அட்டவணையில் இருக்கிறது. கார்பனுக்கு 12, ஆக்சிஜனுக்கு 16 என்று அங்கே இருப்பவை ஓர் அணு இன்னோர் அணுவைப் போல எத்தனை மடங்கு கனம் என்பதைக் காட்டும் எண்கள். அதே எண்ணைக் கிராமில் எடுத்தால் எந்தத் தனிமமானாலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும். 12 கிராம் கார்பனில் எத்தனை அணுவோ, 16 கிராம் ஆக்சிஜனிலும் அத்தனை அணு, 24 கிராம் மக்னீசியத்திலும் அத்தனை அணு. அந்தப் பொது எண்ணிக்கையைக் கண்டுபிடித்துப் பார்த்தபோது 6.022 × 10²³ என்று வந்தது. யாரும் வசதிக்காக உருவாக்கிய எண் இல்லை அது, கிராம் என்ற நம்முடைய அலகைத் தேர்ந்தெடுத்ததால் தானாக வந்து விழுந்தது. 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்று அதைத் துல்லியமாக நிலைநிறுத்தி, மோலின் வரையறையாகவே ஆக்கிவிட்டார்கள்.

18 கிராம் தண்ணீர் ஏறக்குறைய ஒரு மடக்கு. அதற்குள் அத்தனை மூலக்கூறு என்பதைக் கொஞ்சம் நிதானமாக நினைத்துப் பாருங்கள். இன்றும் எனக்கு இது வியப்பாகத்தான் இருக்கிறது.

அந்த ஐம்பது ஆண்டுக் கதை இதுதான். ஆங்கிலேய வேதியியலாளர் டால்டன் அணுக்கொள்கையைச் சொன்னபோது, நீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்று எடுத்துக்கொண்டார். எண்ணிக்கையைப் பார்க்க வழி இல்லாததால் எளிமையானதை வைத்துக்கொண்டார். அதனால் ஆக்சிஜனின் அணு எடை பாதியாகிப் போனது. 1811-இல் இத்தாலிய அறிஞர் அவகாட்ரோ, ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்றார். பருமனில் 2 பங்கு ஹைட்ரஜன் 1 பங்கு ஆக்சிஜனோடு சேர்வதை வைத்தே நீரின் வாய்பாட்டைச் சொல்லியிருக்கலாம். பெரும்பாலானவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1856-இல் அவர் இறந்தார். நான்கு ஆண்டு கழித்து, 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் நடந்த வேதியியலாளர் மாநாட்டில் கன்னிசாரோ என்ற இத்தாலிய வேதியியலாளர் அவகாட்ரோவின் கருத்தை எடுத்து வைத்த பிறகுதான் அணு எடைகள் ஒழுங்குக்கு வந்தன. அந்த மாநாட்டில் இருந்த இளைஞர்களில் ஒருவர் ரஷ்யாவின் மெண்டலீவ். ஒன்பது ஆண்டுக்குள் அவருடைய தனிம வரிசை அட்டவணை வந்துவிட்டது. சரியான அணு எடை இல்லாமல் தனிமங்களை எப்படி வரிசைப்படுத்துவது? 6.022 × 10²³ என்ற எண்ணை அவகாட்ரோ தானே கணக்கிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் பெயரை அதற்கு வைத்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பெர்ரன், 1909-இல்.

ஆய்வகத்தில் இதைக் கையால் தொட்டுப் பார்க்க மக்னீசியம் போல வேறு பொருள் இல்லை. 2.4 கிராம் மக்னீசியம் நாடா என்றால் 0.1 மோல். முழுதும் எரிந்தால் 0.1 மோல் மக்னீசியம் ஆக்சைடு, 4.0 கிராம். எரித்தால் எடை குறையும் என்று நினைத்திருக்கும் பிள்ளைக்கு முதல் ஆச்சரியம் இங்கேதான். கூடிய 1.6 கிராம் காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன். நாடாவை எடை போடுமுன் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும், ஏனென்றால் மேலே ஏற்கெனவே ஆக்சைடு படிந்திருக்கும், அதன் எடையும் மக்னீசியக் கணக்கில் சேர்ந்துவிடும். நாடாவை வைத்து எரிக்கும் புடக்குகையின் (சூடு தாங்கும் சிறு கிண்ணம்) மூடியை அவ்வப்போது லேசாகத் தூக்கிக் காற்றை உள்ளே விட வேண்டும். ரொம்பத் தூக்கினால் வெண்புகை வெளியே போகும். அந்தப் புகைதான் நீங்கள் எடைபோட வேண்டிய பொருள்! பள்ளியில் விடை 4.0-க்குக் கீழே வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எடையைத் திருத்தி எழுதாமல், ஏன் குறைந்தது என்று எழுதும் மாணவனுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இரண்டு எச்சரிக்கைகள். "ஒரு மோல் ஆக்சிஜன்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். அணு என்றால் 16 கிராம், மூலக்கூறு என்றால் 32 கிராம். மோல் கணக்கில் தவறும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது. அப்புறம், ஒரு மோல் வாயுவின் பருமன் ஒரு புத்தகத்தில் 22.4 லிட்டர், இன்னொன்றில் 22.7 லிட்டர் என்று இருக்கும். இரண்டும் சரி. வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸ்தான், ஆனால் முதலாவது 1 அட்மாஸ்பியர் அழுத்தத்துக்கு, இரண்டாவது 1 பார் அழுத்தத்துக்கு.

இது பிடிபட்டுவிட்டால் மற்றவை வேகமாக நகரும். கரைசலின் மோலாரிட்டி ஒரு லிட்டரில் எத்தனை மோல் என்பது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 7 என்றால் லிட்டருக்கு 10⁻⁷ மோல் ஹைட்ரஜன் அயனி. அமிலத்தைக் காரத்தோடு சேர்த்துச் சமன் செய்து அளவு காணும் அமில–காரத் தரம்பார்த்தலும் அதே எண்ணிக்கைதான். 25 மில்லி ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு 25 மில்லி போதும். அது சல்பியூரிக் அமிலமானால் 50 மில்லி வேண்டும், ஒரு மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜன் அயனி தருகிறது அல்லவா.

இப்போது ஒரு தாளை எடுத்து, எந்தச் சூத்திரமும் எழுதாமல் இதைப் போடுங்கள். 5.6 கிராம் இரும்புத்தூளையும் 5.6 கிராம் கந்தகத்தையும் கலந்து சூடாக்குகிறோம். ஓர் இரும்பு அணுவுக்கு ஒரு கந்தக அணு என்று சேர்ந்து இரும்பு சல்பைடு ஆகிறது. இரும்பு 56, கந்தகம் 32. எவ்வளவு சல்பைடு, எது மிச்சம், எத்தனை கிராம்? 8.8 கிராம் சல்பைடும் 2.4 கிராம் கந்தகமும் வந்தால் நீங்கள் அடுத்த பாடத்துக்குப் போகலாம்.