பெரியப்பாவின் நோட்டில் ஒரு வரி

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு வயது 34. திருநெல்வேலிக்குத் தெற்கே, தேரி மண் தொடங்குகிற பக்கத்தில் இருக்கிற ஒரு கிறிஸ்தவக் கிராமம் எங்களுடையது. ஊர்ப் பெயரைப் போட வேண்டாம். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். மனைவியும் நாலு வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள்.

எனக்கு ஒன்பது வயதாகும்போது அப்பா பனையிலிருந்து விழுந்து இறந்துபோனார். அதற்கப்புறம் என்னையும் அம்மாவையும் தாங்கியது பெரியப்பாதான். தன் பிள்ளைகளுக்குச் சட்டை எடுத்தால் எனக்கும் ஒன்று எடுப்பார். பாளையங்கோட்டையில் பி.காம். படிக்க வைத்தார். ஒரு தடவை ஹாஸ்டல் பணம் கட்டக் கடைசி நாள். உடன்குடியில் கருப்பட்டிச் சிப்பங்களை விற்றுவிட்டு, சாப்பிடக்கூட இல்லாமல் நேரே பஸ் ஏறி வந்து, அலுவலகம் மூடுவதற்கு முன்னால் பணத்தைக் கட்டினார். வேட்டியெல்லாம் கருப்பட்டிக் கறை. அந்தக் கோலத்தில் அவர் நின்றது இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

பதினெட்டு வருடமாக எங்கள் சபையின் பொருளாளர் அவர். ஊரே கூடிச் சாப்பிடும் சபை விருந்தான அசனத்துக்கு வருடா வருடம் இரண்டு மூட்டை அரிசி அவர் வீட்டிலிருந்துதான் போகும். இந்த வருடம் கண்ணில் புரை விழுந்துவிட்டதால் சபைக் கணக்கை என்னை எழுதச் சொன்னார். கோயில் கூரை வேலைக்காக வசூலித்த பணம் ரசீது அடிக்கட்டைகளின்படி 7,40,000 ரூபாய். வங்கியில் 4,55,000தான் இருந்தது. மீதி 2,85,000 எங்கே என்று ராத்திரியெல்லாம் திரும்பத் திரும்பக் கூட்டினேன். பிறகு அவர் கொடுத்த காகிதக் கட்டுக்குள், போன மே மாதம் நடந்த, அவர் மகளான அக்கா கல்யாணத்தின் செலவு நோட்டு கிடைத்தது. நகைக் கடைக்குக் கொடுத்த பணத்துக்கு நேராக, அவர் கையெழுத்தில், 'கோயில் பணம் 2,85,000' என்று ஒரு வரி இருந்தது.

கமிட்டிக் கூட்டத்தில் பணம் குறைவது பேச்சானது. பணத்தைக் கோயில் பீரோவில் வைத்திருந்ததாகவும், ஒரு சாவி தன்னிடமும் இன்னொன்று கோயிலைப் பெருக்கி மணி அடிக்கும் கோயில்குட்டியாரிடமும் இருந்ததாகவும் பெரியப்பா சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்றவர்களே மீதியை முடிவு செய்துகொண்டார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

கோயில்குட்டியாரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கோயிலை ஒட்டிய அறையையும் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம்.

மூன்று மாதமாக எனக்குத் தூக்கம் இல்லை. விடியற்காலை மணி அடித்தால் நெஞ்சு படபடக்கிறது. அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்குப் போகாமல், ஆராதனை முடியும் முன்பே எழுந்து வந்துவிடுகிறேன். அம்மாவிடம் சொன்னேன். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும்யா, அவர் இல்லாட்டி நாம ஏது?" என்று அழுதார். எங்கள் சபைகளை நிர்வகிக்கிற திருமண்டலத்தின் தேர்தல் வேறு வருகிறது. இந்த விஷயம் எதிரணிக்குத் தெரிந்தால் பெரியப்பாவைத் தெருவில் நிறுத்திவிடுவார்கள். மனைவியின் நகையை அடகு வைத்து அந்தப் பணத்தை நானே சத்தமில்லாமல் கட்டிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். நான் பெரியப்பாவுக்கு உண்மையாக இருப்பதா, ஆண்டவருக்கு உண்மையாக இருப்பதா?

இப்படிக்கு,
பெயர் எழுதத் துணியாத ஒருவன்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நானும் இந்த மண்ணில், ஒரு கோயில் மணிச் சத்தத்துக்குள் வளர்ந்தவள்தான். பொருளாளர் என்றால் ஊரில் என்ன மரியாதை, அது ஒரே நாளில் போனால் ஒரு குடும்பம் எப்படித் தலைகுனியும் என்பதை அறிவேன். அதனால் 'உண்மையைச் சொல்லிவிடுங்கள்' என்று ஒரு வரியில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் உங்கள் உடம்பைப் பற்றி. தூக்கமின்மை, படபடப்பு, கோயிலில் உட்கார முடியாமை இதையெல்லாம் நீங்கள் பலவீனம் என்று நினைக்க வேண்டாம். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்குச் சிகிச்சை தந்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர், பயத்தால் வரும் பாதிப்பிலிருந்து வேறுபட்ட ஒரு காயத்தைப் பற்றி எழுதினார். சரி என்று தான் நம்புவது தன் கண் முன்னால் மீறப்படும்போது மனச்சாட்சியில் விழுகிற காயம் அது. பிறர் செய்ததாலும் வரும், தான் செய்ததாலும் வரும், தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததாலும் வரும். மாத்திரை போட்டால் தூக்கம் வரலாம், அதுவும் தேவைதான். தூக்கமின்மை இப்படியே நீடித்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, தயங்காமல் போங்கள். ஆனால் அந்தக் கமிட்டிக் கூட்டத்தை எந்த மாத்திரையும் மறக்கடிக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாமல் கேளுங்கள். பெரியப்பாவைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள்! அவருடைய வேட்டியில் இருந்த கறை வரைக்கும் எனக்குத் தெரிகிறது. கோயில்குட்டியாரைப் பற்றி இருப்பது இரண்டு மூன்று வரி. அவருக்கு என்ன வயது, வீட்டில் யார் யார், அந்த அறையை விட்டால் எங்கே போவார், எதுவும் கடிதத்தில் இல்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நமக்குச் சோறு போட்டவரின் முகம் எப்போதும் பெரிதாகத் தெரியும், நமக்கு எந்த உதவியும் செய்யாதவரின் முகம் மங்கிப்போகும். மனம் அப்படித்தான் வேலை செய்கிறது. நீங்கள் உங்களை பெரியப்பாவுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் நிற்பவராக நினைக்கிறீர்கள். நான் பார்க்கிற வரையில், அந்த நடுவில் நிற்பவர் கோயில்குட்டியார்தான்.

வேதத்தில் வரும் யோனத்தானை நினைத்துப் பாருங்கள். தாவீதின் நண்பன் என்றுதான் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அவன் சவுல் ராஜாவின் மகனும்கூட. தகப்பன் குற்றமற்ற தாவீதைக் கொல்லத் தேடியபோது, பந்தியில் எல்லார் முன்னாலும், 'அவன் ஏன் சாக வேண்டும்? என்ன செய்தான்?' என்று கேட்டான். சவுல் பெற்ற மகன் மேலேயே ஈட்டியை எறிந்தான். யோனத்தான் சாப்பிடாமல் எழுந்து போனான். ஆனால் அப்பனை விட்டு ஓடிவிடவில்லை. கடைசியில் கில்போவா மலையில் தகப்பனோடு ஒரே போரில் விழுந்து செத்தான். தகப்பனோடு கடைசி வரை நின்றவனும், தகப்பனின் தவற்றுக்குத் துணை போக மறுத்தவனும் ஒரே ஆள்தான். எனக்கு வேதத்தில் மிகவும் பிடித்த மனிதர்களில் அவன் ஒருவன்.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்கிறேன். வெள்ளாளன்விளையில் 1874-இல் ஒரு கிராமத்துக் குருவானவருக்கு மகனாகப் பிறந்தவர் அசரியா. மிஷன் பள்ளியில் படித்து வளர்ந்தவர். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், தன்னை வளர்த்த அந்த மிஷனெரிகளின் முன்னால் எழுந்து நின்று, வெள்ளைக்கார ஊழியர்களுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவில் உண்மையான நட்பு இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கேட்டவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த உரையின் முடிவைப் பாருங்கள். மிஷனெரிகளின் தியாகத்துக்கு இந்தியத் திருச்சபை என்றைக்கும் நன்றியோடு இருக்கும் என்றார். ஏழைகளுக்காக உடைமையையும் உடலையும் கொடுத்தீர்கள் என்றார். அதற்கப்புறம், 'எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள்' என்று கேட்டார். அவர் அந்தச் சபையை விட்டுப் போகவில்லை. 1912-இல் அதே சபையின் பேராயரானார், 1945-இல் சாகும் வரை, இன்றைய தெலங்கானாவில் இருக்கிற தோர்ணக்கல்லில் ஊழியம் செய்தார்.

உங்களுக்கு அந்த உரையின் ஒழுங்கைத்தான் சிபாரிசு செய்கிறேன். பெரியப்பாவிடம் தனியாகப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அக்கா வந்திருக்கும் நாளும் வேண்டாம். மத்தேயு 18-இல் ஆண்டவர் சொன்ன முதல் படியே இதுதான், நீயும் அவனும் தனித்திருக்கையில். அந்த ஹாஸ்டல் பணத்தைப் பற்றி முதலில் பேசுங்கள். இத்தனை வருடத்தில் அதை ஒரு தடவையாவது அவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா? நம் வீடுகளில் சொல்ல மாட்டோம். சொல்லுங்கள். அப்புறம் நோட்டை எடுத்து அந்த வரியைக் காட்டுங்கள். 'இதை நான் மறைக்க மாட்டேன் பெரியப்பா. ஆனா ஐயர்கிட்ட நீங்க போகும்போது நானும் கூட வாரேன்' என்று, சபைக் குருவானவரிடம் கூடப் போவதாகச் சொல்லுங்கள்.

அந்த வரியைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் உண்டு. திருட வேண்டும் என்று எடுக்கிறவர் 'கோயில் பணம்' என்று தன் கையாலேயே எழுதி வைப்பாரா? கடன் என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறார். அந்த நோட்டு இருக்கிற கட்டையே, கணக்குப் படித்த உங்கள் கையில் கொடுத்தும் இருக்கிறார். கண் தெரியாமல் கலந்து கொடுத்திருக்கலாம். யாராவது கண்டுபிடித்துவிட்டால் தேவலை என்று உள்ளே எங்கோ ஏங்கியும் இருக்கலாம். எது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் போய் நிற்கும்போது எதிரியாகத் தெரிவீர்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள்.

நகையை அடகு வைத்துப் பணம் கட்டுவது வேண்டவே வேண்டாம். பணம் வந்துவிடும். கோயில்குட்டியார் மேல் விழுந்த பெயர் அப்படியே இருக்கும். மாட்டிக்கொண்டதும் திருப்பி வைத்துவிட்டார் என்றுகூடப் பேசுவார்கள். கணக்கைச் சரிக்கட்டவும் செய்யாதீர்கள், உங்களுக்குத் தெரிந்தே தப்பான கணக்கில் கையெழுத்துப் போடாதீர்கள். எதிரணிக்காரர் யாரிடமும், வாட்ஸ்அப் குழு எதிலும் மூச்சு விடாதீர்கள். தேர்தல்காரர்கள் கையில் போனால் பெரியப்பாவின் தவறு மட்டுமே மிஞ்சும், கோயில்குட்டியாரை அவர்களும் மறந்துபோவார்கள்.

பெரியப்பா மறுத்தால்? கையை ஓங்கினால்? நடக்கலாம். அப்போதும் சத்தம் போடாமல், அறையைக் காலி செய்யச் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்பு வரை காத்திருப்பதாகவும், அதற்குள் அவர் போகாவிட்டால் நீங்களே ஐயரிடம் போவதாகவும் சொல்லிவிட்டு வாருங்கள். அவருக்குத் தெரியாமல் எதுவும் செய்யாதீர்கள். சில மாதம், சில வருடம் அவர் உங்களோடு பேசாமல் போகலாம். அம்மா உங்களை நன்றி கெட்டவன் என்று சொல்லலாம். இது நடக்காது என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. பதினெட்டு வருடம் தலைநிமிர்ந்து நடந்த ஒருவருக்கு அவமானம் தாங்க முடியாத சுமையாகிவிடும். பேசிய பிறகு சில நாள் அவரைத் தனியே விடாதீர்கள். பெரியம்மாவுக்கோ அக்காவுக்கோ விஷயம் தெரிந்து, யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அவர் பேச்சில் 'இனி இருந்து என்ன' என்ற தொனி வந்தால் உடனே 14416 என்ற டெலி மனஸ் எண்ணை அழையுங்கள். அரசின் இலவச சேவை, தமிழிலும் பேசுவார்கள். உங்களுக்குத் தாங்க முடியாமல் போனாலும் அதே எண்தான்.

திருவிருந்துக்குப் போகாமல் இருப்பதைப் பற்றிக் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னார் அல்லவா? உங்கள்மேல் குறை உள்ள சகோதரன் யார் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் பெரியப்பாவிடம் போவதற்கு முன்பே, இன்றைக்குச் சாயங்காலமே, அந்த அறைக்குப் போங்கள். யார் எடுத்தது என்று சொல்ல வேண்டாம். 'நீங்க எடுக்கலைன்னு எனக்குத் தெரியும், அன்னைக்குக் கூட்டத்துல நான் சொல்லாம இருந்தது தப்பு' என்று மட்டும் சொல்லுங்கள். சாப்பிட்டார்களா என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்