டப்ளின் கோட்டையின் வரலாறும் இன்றைய பணியும்

அயர்லாந்தின் டப்ளின் கோட்டை ஏன் அரசுக் கோட்டை எனப்படுகிறது, இன்று அங்கே என்ன நடக்கிறது என்று பலரும் கேட்கிறார்கள்.

அரசுக் கோட்டை என்பது படை தங்கும் அரண் மட்டுமன்று. ஆட்சியாளரும் கருவூலமும் அலுவலகங்களும் ஒரே மதிலுக்குள் அமைந்த இடம். 1204இல் இங்கிலாந்து மன்னர் ஜான், நகரைக் காக்கவும் தம் கருவூலத்தைப் பத்திரப்படுத்தவும் இதைக் கட்ட ஆணையிட்டார். 1684இல் ஏற்பட்ட தீ பெரும்பகுதியை அழித்த பின், ஆவணக் கோபுரம் போன்ற சில பகுதிகளே பழைமையின் சாட்சியாக எஞ்ச, மற்றவை அரண்மனைச் சாயலில் எழுந்தன.

ஐரிஷ் மக்களுக்கு இது பிரிட்டிஷாரின் அந்நிய ஆட்சியின் முகமாகவே இருந்தது. அந்த ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியில் காயமுற்ற அதன் தலைவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் கானலி இங்குள்ள ஓர் அறையில்தான் காவலில் வைக்கப்பட்டார். பின்னர் கில்மெய்னம் சிறையில் நாற்காலியில் அமர்த்திச் சுடப்பட்டார். கோட்டையில் அவர் இருந்த அந்த அறையை இன்றும் காணலாம்.

1922 ஜனவரி 16 அன்று கோட்டை விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் தலைமையிலான ஐரிஷ் தற்காலிக அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. புதிய அரசு அதை இடிக்கவில்லை. வழக்காடி மீட்ட பூர்வீக வீட்டின் கூடத்திலேயே குடும்பத் திருமணங்களை நடத்துவது போல, 1938 முதல் குடியரசுத் தலைவர்கள் இங்குள்ள புனித பேட்ரிக் மண்டபத்தில் பதவியேற்கிறார்கள். வெளிநாட்டுத் தலைவர்களுக்கான வரவேற்புகளும் இங்கே நடைபெறுகின்றன. வரித்துறை அலுவலகமும் வளாகத்தில் இயங்குகிறது. அடக்குமுறையின் இடத்தையே மக்களாட்சியின் மேடையாக்கியது, என் பார்வையில், மிகத் துணிவான முடிவு.

குடியரசுத் தலைவர் இங்கே வசிப்பதாகச் சிலர் கருதுவது தவறு. அவரது இல்லம் ஃபீனிக்ஸ் பூங்காவில் உள்ளது, நாடாளுமன்றமோ லென்ஸ்டர் மாளிகையில் கூடுகிறது.